ஒளித்த பெட்டியும் நட்ட கல்லும்

மணலை நீளமாகக் குவித்து, அதனுள் ஒரு சிறு குச்சியை மறைத்து, எதிரே அமர்ந்திருப்பவரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டைத் தமிழ்நாட்டுச் சிறுவர் சிறுமியர் நன்கறிவர். கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் என்பது அதன் பெயர். ஒளிப்பவர் மணலைத் துழாவி, இங்கே வைப்பது போலவும் அங்கே வைப்பது போலவும் காட்டி, பிறர் அறியாவண்ணம் ஓரிடத்தில் குச்சியை விட்டுவிடுவார். தேடுபவர் இரு கைகளையும் கோத்து, தாம் கருதிய இடத்தின்மேல் பொத்துவார். குச்சி அக்கைகளுக்குள் அகப்பட்டால் வெற்றி அவருடையது. இவ்விளையாட்டின் களம் இரண்டு முழ நீள மணல்தான். அம்மணற்குவியல் உலகம் முழுவதுமாக விரிந்தாற் போன்ற ஒரு விளையாட்டு 2000-ஆம் ஆண்டில் தோன்றியது. ஜியோகேச்சிங் என்று அதனை வழங்குவர். ஒருவர் ஒரு பெட்டியை எங்கேனும் ஒளித்து வைத்து, அவ்விடத்தின் அட்சத்தையும் தீர்க்கத்தையும் மட்டும் பிறர்க்கு அறிவிப்பார். விருப்பமுள்ளவர் அவ்வெண்களைத் துணையாகக் கொண்டு சென்று பெட்டியைத் தேடிக் காண்பர்.

இவ்விளையாட்டைத் தோற்றுவித்தவை வானில் சுழலும் செயற்கைக்கோள்களே. அமெரிக்க நாட்டினர் 1978 முதற்கொண்டு வரிசையாகச் செலுத்திய வழிகாட்டும் கோள்கள், புவிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்கு இருமுறை உலகை வலம் வருகின்றன. ஒவ்வொரு கோளும் தான் இருக்கும் இடத்தையும் அந்நேரத்தையும் வானொலி அலைகளால் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். கையிலுள்ள கருவி, அவ்வலை வந்து சேர்வதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்கிட்டு, கோளுக்கும் தனக்கும் இடையே உள்ள தொலைவை அறிகிறது. மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். கருவியின் கடிகாரத்திலுள்ள பிழையை நீக்க நான்காவது கோள் வேண்டும். அலையோ நொடிக்கு மூன்று இலட்சம் கிலோமீட்டர் விரைவிற் செல்வது. ஆதலின் நேரக் கணக்கில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நொடி பிழைத்தாலும், இடக் கணக்கில் 300 மீட்டர் பிழைத்துப்போகும்.

பாதுகாப்பைக் கருதி, பொதுமக்களுக்குரிய அலைகளில் வேண்டுமென்றே ஒரு பிழையை அமெரிக்க அரசு புகுத்தியிருந்தது. அதனால் காட்டப்பட்ட இடத்திற்கும் உண்மையான இடத்திற்கும் நூறு மீட்டர் வரை வேறுபாடு இருக்கும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் அப்பிழை நீக்கப்பெற்றது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊரின் அருகேயுள்ள காட்டில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் இடத்தை உலகிற்கு அறிவித்தார். வாளிக்குள் ஒரு குறிப்பேடும், புத்தகங்களும், சில சிறு பொருள்களும், உணவு அடைத்த தகரக் குவளை ஒன்றும் இருந்தன. காண்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை வைக்கவேண்டும். வந்த செய்தியைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும் என்பதே அவர் விதித்த விதி. சில நாள்களுக்குள்ளாகவே வாளி கண்டுபிடிக்கப்பட்டது. அம்முதல் வாளி பாதியளவு மண்ணிற் புதைந்திருந்தது என்பது கருதத்தக்கது. பெட்டிக்காக நிலத்தைத் தோண்டலாகாது என்று பின்னாளில் ஆடுவோரே கட்டுப்பாடு செய்துகொண்டனர். இக்காலத்தில் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகள் உலகெங்கும் உள்ளன. 2008-இல் ரிச்சர்ட் கேரியட் என்னும் விண்வெளிப் பயணி, பன்னாட்டு விண்வெளி நிலையத்தையே அத்தகையதோர் இடமாகப் பதிவு செய்தார். அதனைத் தேடிச் செல்வது எளிதன்று.

கோள்களின் துணை வருமுன்னரும் இதை ஒத்த பழக்கம் இருந்ததுண்டு. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்னும் மேட்டு நிலத்தில், கிரான்மியர் குளத்தருகே, 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி ஒரு புட்டியை வைத்தார். கடினமான அவ்விடத்தை நடந்து சென்று அடைந்தோர் தம் பெயர்ச் சீட்டை அதனுள் இட்டுத் திரும்பினர்.

ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. அதன் அட்சம் ஏறக்குறைய வடக்கு 12 பாகை 16 கலை. தீர்க்கம் கிழக்கு 78 பாகை 32 கலை. அட்சத்தில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகும். அதனை அறுபதாற் பகுத்தால் ஒரு கலைக்கு 1.85 கிலோமீட்டர், மீண்டும் அறுபதாற் பகுத்தால் ஒரு விகலைக்கு 31 மீட்டர். எனவே பாகையும் கலையும் மட்டும் சொன்னால் ஊர் தெரியும். ஊருக்குள் ஒரு மரம் தெரியாது. பாகையைப் பதின்மக் கணக்கில் எழுதி, புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை கொடுத்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு நுட்பம் கிடைக்கும். ஆயினும், கைப்பேசி அவ்வளவு நுட்பமாக இடத்தை அறிவதில்லை. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் பிழை இருக்கலாம். மரச்செறிவிலும் பாறை இடுக்கிலும் அது இன்னும் மிகும். இடத்தை நெருங்கிய பின் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்களால் தேடுவதே அறிவுடைமை.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஊத்தங்கரைப் பக்கத்துக் கொல்லைகளிற் சுற்றுச்சுவரில்லாத கிணறுகள் பல உள்ளன. கைப்பேசித் திரையையே நோக்கி நடப்பவன் காலடியில் கிணறு இருப்பதை அக்கருவி அறிவிக்காது. கல்லைப் புரட்டுமுன் ஒரு கோலால் தட்டிப் பார்த்தல் வேண்டும். கோடையிற் கல்லின் அடியில் தேள் இருத்தல் இயல்பு. தண்ணீரும் தொப்பியும் இன்றிச் சித்திரை வெயிலில் இறங்குதல் ஆகாது. தனியே செல்லாமல் மூவர் நால்வராகச் செல்வதும், செல்லும் இடத்தை வீட்டில் சொல்லிச் செல்வதும் நலம்.

அவ்வூர் மாணவர் நால்வர் ஒரு பெட்டியை ஒளித்து வைக்க எண்ணுகின்றனர் என்று வைத்துக்கொள்க. எங்கே வைப்பது? பேருந்து நிலையத்திற் கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டால் மக்கள் அஞ்சுவர், காவலர் வருவர், விளையாட்டு வினையாகும். பாம்பாறு அணையின் கரையிலோ, சாமல்பட்டியில் இருப்புப்பாதை ஓரத்திலோ, மின்மாற்றியின் அருகிலோ வைப்பது பெருந்தவறு. காப்புக்காட்டினுள் வனத்துறையின் இசைவின்றி நுழைதலே குற்றம். கோயிலிலும் பள்ளியிலும் வைத்தால், தேடி வரும் அயலார் அங்கே ஐயத்திற்கு உள்ளாவர். இவ்வாறு ஒவ்வோர் இடமாக நீக்கிய பின், உறவினர் ஒருவரின் மாந்தோப்பு அவர்கள் நினைவிற்கு வருகிறது. உரியவரைக் கேட்டு, அவர் மனமொப்பிய பின்னரே பெட்டி அங்கே செல்லவேண்டும். ‘தோப்புத்தானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று எண்ணுபவன் இவ்விளையாட்டிற்கு உரியவன் அல்லன்.

பெட்டி, மழைநீர் புகாத திருகு மூடி உடையதாய் இருத்தல் வேண்டும். அது இன்ன விளையாட்டிற்கு உரியது என்பது மேலே தமிழில் தெளிவாக எழுதப்படல் வேண்டும். உள்ளிருப்பது வெளியே தெரியும் பெட்டியாயின் இன்னும் நன்று. குறிப்பேட்டுடன் வைக்கவேண்டியது பென்சில். மை ஈரத்திற் கலைந்துவிடும். உணவுப் பொருளை எறும்பும் அணிலும் குரங்கும் மோப்பம் பிடித்துவிடும் ஆதலின் அதனை வைக்கலாகாது. கத்தி, தீப்பெட்டி, மருந்து முதலியவற்றிற்கு அதனுள் இடமில்லை. பெட்டியை மண்ணில் புதைக்கவோ, மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடவோ கூடாது. வைத்தவர் அதனை மறந்துவிடுதலும் முறையன்று. திங்கள் ஒருமுறையேனும் சென்று பார்த்து, நனைந்த ஏட்டை மாற்றுதல் வைத்தவர் கடமை. கைவிடப்பட்ட பெட்டி வெறுங் குப்பையே.

தேடுபவர்க்குரிய ஒழுக்கம் இதனினும் நுண்ணியது. பெட்டியைக் கண்டவுடன் கூச்சலிட்டு ஊரைக் கூட்டுவது அடுத்து வருபவரின் மகிழ்ச்சியைக் கெடுப்பதாகும். ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான, அல்லது அதனினும் மேலான ஒன்றை வைக்கவேண்டும். பளிங்கு உருண்டையை எடுத்துக்கொண்டு உடைந்த பொத்தானை வைப்பவரும் உண்டு. அவரைக் கண்டுபிடிக்க எந்தக் கோளும் உதவாது. ஏட்டில் நாளையும் பெயரையும் எழுதி, மூடியை இறுக்கி, பெட்டி எவ்வாறு இருந்ததோ அவ்வாறே, அதே இடத்தில், அதே இலைகளால் மூடி வைத்தல் வேண்டும். ‘இன்னும் நல்ல மறைவிடம் இது’ என்று நான்கு அடி தள்ளி வைத்தாலும், பின்வருபவர் கையிலுள்ள எண் பொய்யாகிவிடும். திரும்பும்போது வழியிற் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவதும் இவ்விளையாட்டினர் உலகெங்கும் கைக்கொள்ளும் வழக்கம்.

பெட்டியைத் தேடி மாணவர் ஒரு கொல்லையின் வழியே செல்ல நேர்கிறது. வரப்பில் நின்ற முதியவர் அவர்களைப் பார்த்து, “யார் வீட்டுப் பிள்ளைகள்? இங்கே என்ன தேடுகிறீர்கள்?” என்று வினவுகிறார். இவ்விடத்தில் ஒளிவுமறைவாய் விடை கூறுதல் தீங்கு பயக்கும். “ஐயா, நாங்கள் ஊத்தங்கரைப் பள்ளியில் படிக்கிறோம். தோப்பில் ஒளித்து வைத்த பெட்டி ஒன்றைத் தேடுகிறோம். இவ்வழியே போகலாமா?” என்று உண்மையைச் சொல்லிக் கேட்பதே முறை. அவர் சிரித்து, “போங்கள், வேடியப்பனைச் சுற்றிப் போங்கள். செருப்பை அங்கே கழற்றிவிடுங்கள்” என்கிறார்.

வேடியப்பன் என்று அவர் சொன்னது, கொல்லையின் நடுவே மரத்தடியில் நிற்கும் ஒரு பலகைக் கல்லை. அதன்மேல் மஞ்சளும் குங்குமமும் பூசியிருக்கும். உற்றுநோக்கினால், இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் ஏந்திய வீரன் ஒருவனின் உருவம் தெரியும். அது நடுகல். ஆநிரை கவர்ந்த போரிலோ, கவர்ந்த ஆநிரையை மீட்ட போரிலோ உயிர்நீத்த வீரனுக்கு நட்டது. ஊத்தங்கரையிலிருந்து சிங்காரப்பேட்டை வழியாகச் செங்கம் வரையிலும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் இத்தகைய கற்கள் மிகுதி. அவற்றுட் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று வழிபட்டு வருகின்றனர். ‘வேடியப்பன்’ என்பது இப்பகுதியில் ஆடவர்க்கு இடும் பெயராகவும் வழங்குகிறது.

கல்லை நடுதற்கு ஆறு படிகள் உண்டு என்று தொல்காப்பியம் கூறுகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்பன அவை. காட்சி என்பது ஏற்ற கல்லை மலையிலும் காட்டிலும் தேடிக் காணுதல். ஆகவே நடுகல்லின் வரலாறும் ஒரு தேடலிலேயே தொடங்குகிறது. பல்லவர் காலத்துக் கற்களிற் பலவற்றில் வட்டெழுத்தில் அரசன் பெயரும், அவன் ஆட்சியாண்டும், வீரன் பெயரும், அவன் வீழ்ந்த செய்தியும் வெட்டப்பட்டுள்ளன. 1961-இல் அமைக்கப்பெற்ற தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை இக்கற்களை ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்தது. இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல் 1972-இல் வெளிவந்தது. ‘தருமபுரி கல்வெட்டுகள்’ அதற்குப் பின் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல் இவ்வகையில் பெயர் பெற்றது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மகேந்திரவர்மன் காலத்தில் வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அவன் நாயின் உருவமும் அக்கல்லில் உள்ளது. நாயின் பெயர் கோவிவன். அரசர் பலரின் பெயர் மறைந்துவிட, ஒரு நாயின் பெயர் நின்றுவிட்டது.

பெட்டியைத் தேடக் கற்ற கண், கல்லையும் காணும். ஆனால் பெட்டிக்குரிய விதி அனைத்தும் கல்லுக்குப் பொருந்தா. பெட்டியில் ஒன்றை எடுத்து ஒன்றை வைக்கலாம். கல்லினிடத்தில் எடுப்பதும் இல்லை, வைப்பதும் இல்லை. பெட்டிக்குள் பெயர் எழுதுவது மரபு. கல்லின்மேல் பெயரெழுதுவது அழிவு. எழுத்துத் தெளிவாகத் தெரியவில்லையென்று ஆணியாற் கீறுவதும், சுண்ணக்கட்டியால் எழுத்தின்மேல் எழுதுவதும் கூடா. காலை இளவெயிலிலோ மாலை வெயிலிலோ, ஒளி சாய்ந்து விழும்போது சென்றால், நண்பகலில் தெரியாத எழுத்துகள் தாமே நிழல் கொண்டு எழும்பும். அப்போது படம் எடுக்கலாம். அதற்கும் கல்லை வழிபடுவோரிடம் முன்னரே கேட்டல் வேண்டும். பூசிய குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் படம் எடுப்பவன் எவ்வளவு கற்றவனாயினும் அவ்வூரில் மறுமுறை வரவேற்கப்படான்.

பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பெட்டியின் இடத்தை ஐந்து இலக்கம் வரை உலகறிய வெளியிடுவதே விளையாட்டு. கல்லின் இடத்தை அவ்வாறு வெளியிடுதல் ஆபத்து. பழைய கல்லின் அடியிலும், ‘பாண்டவர் வீடு’ என்று மக்கள் வழங்கும் தொல்பழங்காலத்து ஈமக் கல்லறைகளின் அடியிலும் பொன் புதைந்திருக்கும் என்று நம்புவோர் உளர். இரவில் வந்து தோண்டிக் கல்லைச் சாய்த்துவிடுவர். நடுகல்லின் அடியில் பொன் வைத்தல் மரபன்று. அவர்கள் பெறுவது வெறுங்குழி. ஊர் இழப்பதோ ஆயிரம் ஆண்டுச் செய்தி. ஆதலின் கண்டவர் துல்லியமான அட்சத்தையும் தீர்க்கத்தையும் தொல்லியல் துறைக்கும், கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திற்கும், வட்டாட்சியர்க்கும் அறிவித்தல் வேண்டும். பிறரிடம் ஊரின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். எல்லாவற்றையும் எல்லார்க்கும் சொல்லுவதே நேர்மை என்பார்க்கு இது உடன்பாடாகாது. அவர்கள் சாய்ந்து கிடக்கும் ஒரு கல்லையேனும் சென்று கண்டால் தம் கருத்தை மாற்றிக்கொள்வர்.

இல்லை, உண்மையாகவே ஒரு புதையல் அகப்பட்டுவிட்டால்? 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் அதற்கு வழி கூறுகிறது. மண்ணுள் மறைந்திருந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், கண்டெடுத்தவர் அதனை மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து வடிவில் அறிவித்தாக வேண்டும். பழங்காசு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது சிறு குறும்பாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். தொல்பொருள்களைப் பற்றி 1972-இல் இயற்றப்பட்ட சட்டமும் உண்டு.

திருடர் மட்டுமல்லர், நல்லெண்ணம் உடையோரும் கல்லுக்குத் தீங்கு செய்வதுண்டு. ஓசூர் முதல் கிருஷ்ணகிரி வரை தொழிற்சாலைகள் பெருகின, சாலைகள் அகன்றன, கொல்லைகள் வீட்டு மனைகளாயின. வழியில் நின்ற கல்லைப் பாதுகாப்பதாக எண்ணி வேறோரிடத்தில் கொண்டுபோய்ச் சாத்திவிடுவர். கல் பிழைக்கும், ஆனால் வீரன் எந்த வழியில், எந்த ஊரின் எல்லையில் வீழ்ந்தான், எந்தத் திசையை நோக்கி நின்றான் என்னும் செய்தி அறுந்துபோகும். நான்கு அடி தள்ளி வைத்த பெட்டியைப் போல அதுவும் ஆகிவிடுகிறது. கல்லை அகற்றியே தீரவேண்டிய நிலை வந்தால், அகற்றுமுன் அதன் இடத்தையும் திசையையும் அளந்து எழுதிவைத்தல் வேண்டும்.

மாணவர் நால்வரும் அன்று பெட்டியைக் கண்டு, ஏட்டில் எழுதி, முன்போல் மூடிவைத்துத் திரும்பும் வழியில் கல்லினருகே நின்றனர். ஒருவன் தன் பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்தான். நாள், ஊர், கல் நோக்கும் திசை கிழக்கு, உயரம் ஆறு சாண், வில், குறுவாள், காலருகே கெண்டியும் சிமிழும் போல இரண்டு உருவங்கள், மேலே நான்கு வரி எழுத்து, படிக்க இயலவில்லை. இவ்வளவும் எழுதிய பின் முதியவரை நோக்கி, “ஐயா, இக்கல் எப்போது முதல் இங்கே இருக்கிறது?” என்று கேட்டான்.

“எனக்கு எப்படித் தெரியும், தம்பி? என் பாட்டன் ஓட்டிய ஏர் இதைச் சுற்றித்தான் போயிற்று. என் அப்பன் ஏரும் அப்படித்தான். இப்போது டிராக்டர் ஓட்டுகிறவனுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்” என்றார் அவர். மாணவர்கள் கொல்லையைத் திரும்பிப் பார்த்தனர். நேராக வந்த உழவுசால்கள் கல்லருகே வந்ததும் இருபுறமும் வளைந்து, அதனைக் கடந்தபின் மீண்டும் நேராகச் சென்றன.